டிலுக்சி நிறம் தீட்டாத சூரியன்

சூரிய குடும்பத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி சிவசக்தியிடம் யாரும் கேட்டதில்லை. தெமோதரைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம்தான் அவளுடைய வேலையிடம். கை கழுவ வைக்க வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், சின்னதுகளைத் தூங்க வைக்க வேண்டும். நாலு வயதைத் தாண்டியவர்களுக்கு எழுத்தும் பாட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.

ஆனால் அவளுக்குப் படிக்கிற காலத்திலிருந்தே விஞ்ஞானத்தின் மேல்தான் ஆசை. உயர்தரத்தில் அந்தப் பிரிவு வேண்டுமென்றால் பதுளையில் தங்கிப் படிக்க வேண்டும். அந்த வருஷம் பார்த்து அவளுடைய அம்மா நெஞ்சு வலியில் படுத்துவிட்டாள். வீட்டுக்குச் சோறாக்க ஆள் வேண்டும். சிவசக்தி கிட்டத்திலிருந்த பாடசாலையில் கலைப்பிரிவில் சேர்ந்தாள், ஒரு பாடத்தில் தவறினாள், மறுபடி எழுதவில்லை. முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி முடித்து மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா இல்லை. இப்போது முப்பத்தாறு வயது. அண்ணன் குடும்பத்தோடு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பராவில் இருக்கிறாள். கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்று போனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

டிலுக்சி கேட்ட ஒரு கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. ஐந்து வயதை எட்டப்போகிற பிள்ளை. எந்நேரமும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலையில் மடுவத்து வாசலில் நின்று, எதிரே நமுனுகுலை மலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறி வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்டது.

"டீச்சர், சூரியன் அந்தப் பக்கம் எந்த லயத்துல இருக்கு?"

சிவசக்திக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்கே பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் படம் வரையத் தொடங்கினாள். தாளின் இடது ஓரத்தில் பெரிய சூரியன். அதற்கு அடுத்து வரிசையாகப் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், வளையத்தோடு சனி, கடைசியில் வலது ஓரத்தில் யுரேனசும் நெப்டியூனும். மடுவத்தில் அவளுக்கு உதவியாக இருந்த மர்லியா, பெரிய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு படம் கிடைக்கும்படி பிரதி எடுத்து வந்தாள். தரையில் பாய் விரித்து, பேஸ்டல் பெட்டியை நடுவில் கொட்டி, பிள்ளைகளை நிறம் தீட்ட விட்டார்கள்.

பெயர்களைக் கேட்டதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எல்லாம் தெரிந்த பெயர்கள்.

"டீச்சர், செவ்வாக்கெழம இருக்கு, புதங்கெழம இருக்கு, ஞாயித்துக்கெழம எங்க?" என்றான் ஒருவன்.

"இந்தா, இந்தப் பெருசுதான் ஞாயிறு. சூரியனுக்கு இன்னொரு பேரு அது."

செவ்வாய்க்குச் சிவப்பு, பூமிக்கு நீலமும் பச்சையும் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். சிலர் கேட்டார்கள், சிலர் பூமிக்கு ரோஸ் அடித்தார்கள். அவள் தடுக்கவில்லை. டிலுக்சியின் தாளை எடுத்துப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. வியாழனுக்குக் கோடு கோடாகப் பழுப்பு, சனியின் வளையத்துக்கு மஞ்சள், நெப்டியூனுக்கு அழுத்தி அழுத்தி நீலம். கோட்டுக்கு வெளியே ஒரு பிசிறு இல்லை. ஆனால் சூரியன் வெள்ளையாகவே இருந்தது. புதனும் வெள்ளியும் அப்படியே.

"ஏம்மா சூரியன விட்டுட்ட?"

"எந்தச் சூரியன் டீச்சர்?"

குறும்பு செய்கிறது என்று நினைத்துக்கொண்டு சிவசக்தி அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள். ஆனால் அந்த வாரத்தில் இன்னொரு தடவை படம் கொடுத்தபோதும் அப்படியேதான் நடந்தது. இந்த முறை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் விரலைச் சூரியனின் மேல் வைத்து, "இங்க பாரு" என்றாள். டிலுக்சி தலையைத் திருப்பித் தாளின் ஓரத்தைத் தேடியது. கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"ஐயோ, இது எங்க இருந்து வந்துச்சி?"

அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. சிவசக்தி புதிய தாள் ஒன்றை எடுத்துத் தலைகீழாக வைத்துக் கொடுத்தாள். இப்போது சூரியன் பிள்ளைக்கு வலது பக்கம். டிலுக்சி பேஸ்டலை எடுத்து மஞ்சளாக, பெரிதாக, அழகாகச் சூரியனுக்கு நிறம் தீட்டியது. இடது பக்கம் போய்விட்ட யுரேனசையும் நெப்டியூனையும் தொடவேயில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மடுவத்துக்குள் வரும்போது பிள்ளையின் இடது தோள் கதவு நிலையில் இடிப்பதும், இடது பக்கம் வைத்த கோப்பையைத் தட்டிவிடுவதும், அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் சுற்றும் முற்றும் தேடுவதும். காலையில் எழுந்ததும் வாந்தி எடுக்கிறது, தலை வலிக்குது என்கிறது, பூச்சி மருந்து கொடுத்திருக்கிறேன் என்று அதன் தாய் விஜயலெட்சுமி சொன்னதும்.

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு விஜயலெட்சுமி பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச்சாக்கு இன்னும் ஈரமாக இருந்தது. சிவசக்தி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு தாளையும் காட்டி, பார்த்ததைச் சொன்னாள்.

"பயப்படாதீங்க விஜி. ஆனா ஒரு தடவ பதுளைக்குக் கொண்டு போய்க் கண்ணக் காட்டுனா நல்லம்."

விஜயலெட்சுமி தாள்களைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"எம்புள்ளைக்குக் கண்ணு தெரியலங்கிறீங்களா?"

"முழுசா இல்ல. ஒரு பக்கம்..."

"ஊசியில நூல் கோத்துத் தர்றது யாரு டீச்சர்? எனக்கே நூல் மாட்டுப்படாது, அவதான் கோத்துத் தாரா. வெளையாட்டுப் புள்ள ஒரு வட்டத்த விட்டுட்டான்னு கண்ணு தெரியலங்கிறீங்களே!"

அவளுடைய குரல் உயர்ந்தது. மற்றத் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். விஜயலெட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அவளுடைய கணவன் அஜந்தன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவன். மாதத்துக்கு ஒரு தடவை வருவதே பெரிது. நல்லதோ கெட்டதோ, அவள் ஒருத்திதான் தாங்க வேண்டும். அது சிவசக்திக்குத் தெரியும். அதனால் அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

மறுநாள் டிலுக்சி மடுவத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விஜயலெட்சுமி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டு போய்க் கையில் கயிறு கட்டி வந்திருப்பதாக மர்லியா சொன்னாள். கூடவே இன்னொரு பேச்சும் லயத்தில் கிளம்பியிருந்தது. சின்னப் பிள்ளைகள் கையில் சனியைக் கொடுத்து நிறமடிக்க வைத்தால் என்ன ஆகும்? வீட்டில் சனி என்று வாய் திறந்து சொல்லவே ஆட்கள் யோசிப்பார்கள். இந்த டீச்சர் அதைப் படமாக வரைந்து சுவரிலும் ஒட்டி வைத்திருக்கிறாள்.

தண்ணீர்க் குழாயடியில் விஜயலெட்சுமியே அதை முகத்துக்கு நேரே சொன்னாள்.

"நல்லா ஓடித் திரிஞ்ச புள்ள. சனிய கையில குடுத்தீங்க. புடிச்சிருச்சி. இப்ப கண்ணு தெரியலன்னும் நீங்களே சொல்றீங்க."

சிவசக்தி நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் அண்ணி, "நமக்கெதுக்கு வம்பு? கஞ்சி குடுத்தமா, தூங்க வச்சமான்னு இருந்தா ஆகாதா?" என்றாள். அந்த வாரம் தோட்டத்து நலன்புரி அதிகாரி மடுவத்துக்கு வந்தார். மூன்று தாய்மார் முறைப்பாடு சொல்லியிருக்கிறார்கள் என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் பிரச்சினை வேண்டாம் என்கிற ஆள்.

"கெரகமெல்லாம் இஸ்கூலுக்குப் போனாப் படிச்சிக்கிடுவாங்க டீச்சர். படத்தக் கழட்டிருங்க."

அவர் நிற்கும்போதே அவள் ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். கீழே நின்ற பிள்ளைகள், "ஏன் டீச்சர்? ஏன் டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

படம் போனது அவளைப் பெரிதாக வாட்டவில்லை. ஒருவேளை தான் நினைத்தது தப்பாக இருக்கலாம், ஒன்றுமில்லாததற்கு ஒரு தாயை அழ வைத்துவிட்டோமோ என்பது ஒரு வதை. தப்பாக இல்லாவிட்டால் நாள் போய்க்கொண்டிருக்கிறதே என்பது இன்னொரு வதை. இரண்டுக்கும் நடுவில் அவளால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. கடைசியில் பிள்ளைகளை நிறுக்க வந்த மருத்துவிச்சி தயானியிடம் சொன்னாள். தயானி சிங்களப் பெண். தோட்டம் தோட்டமாக நடந்து நடந்து தமிழ் பழகியவள். அவள் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நேரே லயத்துக்கு நடந்தாள். சிவசக்தி பின்னால் போய், காம்பராவுக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றாள்.

"புள்ள கூட்டிட்டுப் போங்க விஜி," என்று தயானி உள்ளே சொல்வது கேட்டது. "சும்மா பாக்கத்தானே. ஒண்ணும் இல்லன்னா சந்தோஷம்தானே. டீச்சரோட கோவம் டீச்சரோட வைங்க, புள்ளயோட வேணாம்."

"பாப்போம் மிஸ்ஸி," என்றாள் விஜயலெட்சுமி. அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், டிலுக்சி லயத்துக் கோடியில் இடது பக்கமிருந்த மழைத்தண்ணீர்க் காணுக்குள் விழுந்தது. அது பிறந்ததிலிருந்து தாண்டிப் பழகிய காண். நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. தூக்கியெடுத்தபோது வாந்தி எடுத்தது, பிறகு மயக்கமாகத் தோளில் சாய்ந்துகொண்டது. விஜயலெட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்கும் ஓடவில்லை, கோயிலுக்கும் ஓடவில்லை. மடுவத்து வாசலில் வந்து நின்றாள். கால் நிறையச் சேறு.

"டீச்சர், வாங்க. ஆஸ்பத்திரியில பேச எனக்குச் சிங்களம் தெரியாது. வாங்க டீச்சர்."

சிவசக்தி மர்லியாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு அப்படியே கிளம்பினாள். தோட்டத்து லொறி பிரதான வீதிவரை கொண்டு விட்டது. அங்கிருந்து ஓட்டோ. வழி நெடுக விஜயலெட்சுமி பிள்ளையின் தலையைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்ட பிறகு, சிவசக்தி சொன்னதைக் கேட்டு டொக்டர் லீலாதேவியிடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பெண், கண் பிரிவில் வேலை. அவர் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, சிவப்பு மூடி போட்ட பேனையை ஒவ்வொரு பக்கமாகக் கொண்டு வந்தார். வலது பக்கம் வந்ததும் டிலுக்சி, "இந்தா!" என்றது. இடது பக்கம் பேனை காதருகிலிருந்து மூக்குக்கு நேரே வரும்வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. டொக்டர் திரும்பவும் செய்தார். இன்னொரு தடவையும் செய்தார். விஜயலெட்சுமி பக்கத்தில் நின்று பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளையின்ர கண்ணில ஒரு பிழையுமில்லை," என்றார் டொக்டர் மெதுவாக. "கண் பாக்கிறதை வாங்கிற இடம் மண்டைக்குள்ள இருக்கு. அங்க ஏதோ அமத்துது எண்டு நினைக்கிறன். இண்டைக்கே ஸ்கான் எடுக்கோணும். அம்மா, நீங்கள் இருங்கோ. முதல்ல கொஞ்சம் தண்ணி குடியுங்கோ."

ஸ்கானில் தலையின் வலது பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. அங்கிருந்து அம்புலன்சில் கொழும்புக்கு அனுப்பினார்கள். சிவசக்தியும் கூடப் போனாள். மாற்றிக்கொள்ள ஒரு உடுப்புகூட இல்லாமல் போனாள்.

கொழும்பில் அஜந்தன் வந்து சேர்ந்தான். கடையில் கட்டியிருந்த வேலைத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை, கையில் ரொட்டி மா ஒட்டியிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் அவர்களை உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். தாதி தமிழில் சொன்னாள். விட்டுவிட்டால் கட்டி வளர்ந்துகொண்டே போகும், பிள்ளை தப்பாது. வெட்டி எடுக்கலாம். ஆனால் இடது பக்கத்துப் பார்வை திரும்பி வராது. இடது கையும் காலும் பலவீனமாகலாம். மேசையிலேயே எதுவும் நடக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டியது கடமை. சம்மதமென்றால் கையெழுத்துப் போட வேண்டும்.

புருஷனும் பெண்சாதியும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.  பிறகு விஜயலெட்சுமி சிவசக்தியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மொதல்ல பாத்தது நீங்கதானே. நீங்களே சொல்லுங்க. போடவா, வேணாமா?"

சிவசக்திக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. ஒரு தாளில் விட்டுப்போன மூன்று வட்டத்தைத்தான் அவள் கண்டாள். அது இவ்வளவு தூரம் கொண்டு வந்து நிறுத்தும் என்று யாருக்குத் தெரியும்?

"என்னால சொல்ல முடியாது விஜி," என்றாள். "நான் போடுங்கன்னு சொல்லி, ஏதாச்சும் ஆயிருச்சின்னா, அப்பறம் நீங்களும் நானும் எப்பிடி ஒரே தோட்டத்துல இருக்கிறது? ஆனா எம்புள்ளயா இருந்தா... விட்டுட்டு வீட்டுக்குக் கொண்டு போயிப் பாத்துக்கிட்டே இருக்க என்னால ஏலாது."

அஜந்தன் கையை வேலைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். "எங்க போடணும்?" என்று தாதியிடம் கேட்டான்.

பிள்ளை பிழைத்தது. முழுக் கட்டியையும் எடுக்க முடியவில்லை, ஆழத்தில் கொஞ்சம் விட்டு வைத்திருக்கிறார்கள். கெட்ட சாதிக் கட்டி இல்லை, ஆனாலும் வளருதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டொக்டர் முன்கூட்டிச் சொன்னது எல்லாம் நடந்தது. இடது பக்கத்துப் பார்வை வரவில்லை. இடது கை விரல்கள் மடங்கினால் விரிய நேரமெடுத்தன. காலை இழுத்து நடந்தது. கண் விழித்து முதலில் ரொட்டி கேட்டது என்று அஜந்தன் சொல்லிச் சொல்லி அழுதான்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது லயத்து ஆட்கள் மாறிப் பேசினார்கள். டீச்சர்தான் பிள்ளையைக் காப்பாற்றினாள் என்றார்கள். அதே நலன்புரி அதிகாரி, படத்தை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்றார். சிவசக்தியால் அந்தப் பாராட்டு எதையும் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் விஜயலெட்சுமி அவளிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடுவத்தைத் தாண்டிப் போவாள். நிற்க மாட்டாள். ஒரு தடவை மட்டும், மர்லியாவிடம் சொல்வதுபோல், சிவசக்தியின் காதில் விழும்படி சொன்னாள்.

"ஓடித் திரிஞ்சத இப்பத் தூக்கிக்கிட்டுத் திரியறேன். உசிரு இருக்கு, இல்லங்கல. ஆனா நான் எதுக்கு யாருக்கு நன்றி சொல்லணும்னு எனக்கே வெளங்கல."

அந்த வார்த்தை சிவசக்தியின் மனதில் பல நாள் கிடந்தது. அதில் பொய் இல்லை என்பதால் அதைத் தள்ளவும் முடியவில்லை. வேலைக்குப் போனாள், கஞ்சி ஊட்டினாள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். சாயங்காலம் மடுவத்தைக் கூட்டி முடித்த பிறகு, தயானி காட்டிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்விக்க விஜயலெட்சுமியின் காம்பராவுக்குப் போகத் தொடங்கினாள். கேட்டுவிட்டுப் போகவில்லை. முதல் நாள் விஜயலெட்சுமி கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சிவசக்தி பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, மூடி, விரித்துக்கொண்டிருந்தாள். டிலுக்சி வலிக்கும்போது அழுதது, வலிக்காதபோது கேள்வி கேட்டது. இப்படியே நாட்கள் போயின. ஒரு நாள் அடுப்படியிலிருந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி வந்தது. விஜயலெட்சுமி வைத்துவிட்டுப் போனாள்.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயது. தோட்டத்துக்குக் கீழே இருந்த பாடசாலையின் அதிபர் பிள்ளையைப் பார்த்துத் தயங்கினார்.

"இங்க ஒரு வகுப்புல நாப்பது புள்ளைங்க. விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? ஒரு வருஷம் போகட்டுமே."

சிவசக்தி வாயைத் திறப்பதற்குள் விஜயலெட்சுமி முந்திக்கொண்டாள். அதுவரை எந்த அலுவலகத்திலும் அவள் உட்கார்ந்து பேசியவள் இல்லை. இப்போதும் நின்றுகொண்டுதான் பேசினாள்.

"வகுப்புல இடது ஓரத்துல ஒக்கார வைங்க சார். அப்ப கரும்பலக அவளுக்கு வலது பக்கமா இருக்கும், எல்லாம் தெரியும். கொப்பியில எடது கரையில செவப்புக் கோடு போட்டுக் குடுத்தா அந்தக் கோட்டத் தேடித்தான் எழுத ஆரம்பிப்பா. பதுளை டொக்டரம்மா சொல்லிக் குடுத்துருக்காங்க. வீட்டுல அப்பிடித்தான் எழுதுறா. ஒக்காரவச்சிப் பாருங்க. விழுந்தா நான் வந்து தூக்கிக்கிட்டுப் போறேன்."

அதிபர் முதல் தவணைக்குச் சேர்த்துக்கொள்கிறேன், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை.

மூவரும் படிக்கட்டு வழியாகத் திரும்ப ஏறினார்கள். டிலுக்சி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து ஏறியது. வழியில் கண்ட எல்லாரிடமும் நான் இஸ்கூலுக்குப் போறேன் என்று சொல்லியது. பாதி வழியில் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்தார்கள். கீழே தெமோதரைப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"மார்ச் மாசம் மறுபடி ஸ்கான்," என்றாள் விஜயலெட்சுமி, தரையைப் பார்த்தபடி. "அந்த மிச்சம் வளந்துருக்கான்னு பாக்க. எனக்கு இப்பவே நெஞ்சு அடிச்சிக்குது. அவருக்கு லீவு கெடைக்காது."

சிவசக்தி டிலுக்சியின் மடங்கிய இடது விரல்களை எடுத்து ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள். 

"நீங்க வருவீங்கதானே டீச்சர்?"

"வர்றேன் விஜி."

விஜயலெட்சுமி தலையாட்டினாள். மழை தூறத் தொடங்கியது. அவள் எழுந்து பிள்ளையைத் தூக்கப் போனாள். டிலுக்சி, வேண்டாம், நானே ஏறுவேன் என்று அடம்பிடித்தது. அதன் நடைக்குத் தக்கபடி, நனைந்துகொண்டே, இருவரும் இரு பக்கமும் மெல்ல மெல்ல ஏறினார்கள்.